ஆறுகளுக்கு விழா உண்டு, கடலுக்கு?

2022 நவம்பர் இறுதியில் நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடந்தது. தமிழ்நாடு அரசின் பொது நூலக இயக்ககம் முன்னின்று நடத்திய இலக்கியத் திருவிழாக்களுள் அதுவும் ஒன்று. பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என நான்கு ஆறுகளின் பெயரால் நான்கு விழாக்கள். ஐந்தாவது சென்னையின் பெயரால். ஒரு நூலகத்துறை நூல்களை அடுக்கி வைப்பதோடு நின்றுவிடாமல் எழுத்தாளரையும் வாசகரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து உட்கார வைத்தது பாராட்டுக்குரிய செயல். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆயினும் தூத்துக்குடிக் கரையில் வாழும் நமக்கு அப்போது எழுந்த கேள்வி இன்றும் அடங்கவில்லை. பொருநை எங்கே முடிகிறது? புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் பெயரால் நடக்கும் விழாவோ ஆறு முடிகிற இடத்துக்கு முன்பாகவே முடிந்துவிடுகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கடற்கரையைக் கொண்ட ஒரு மாநிலத்தில், ஐந்திணையுள் ஒன்றாக நெய்தலை வைத்துப் பாடிய ஒரு மொழியில், கடலின் பெயரால் ஓர் இலக்கியத் திருவிழாவை நூலகத்துறை நினைத்துப் பார்க்கவில்லை. அதே 2022 ஜூலையில் தூத்துக்குடியில் 'நெய்தல்' என்ற பெயரில் கலைத் திருவிழா நடந்ததை நாம் மறக்கவில்லை. நாட்டுப்புறக் கலைகள் பலவும் மேடையேறின. மக்கள் திரண்டு வந்து கண்டனர். ஆனால் அது விழா. பந்தல் பிரித்த மறுநாள் மைதானம் மைதானமாகிவிடும். நாம் கேட்பது நாள்தோறும் திறந்திருக்கும் ஓர் இடத்தை. அந்த இடம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதன் பெயர் பொது நூலகம்.

இக்கட்டுரையின் கருத்து இதுதான்: தூத்துக்குடியிலும் அதைச் சூழ்ந்த கரையூர்களிலும் உள்ள பொது நூலகங்கள், கடற்கரை மக்களின் கலைக்கும் இலக்கியத்துக்கும் தொடர்ச்சியான நிகழ்ச்சித் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும். அத்திட்டம் போர்த்துகீசிய, ஸ்பானிய, இலத்தீன் அமெரிக்க உலகத்தோடு பேசுவதாகவும் இருக்க வேண்டும். முதற்பாதியை ஏற்பவர்கள்கூட இரண்டாம் பாதியைக் கேட்டு நெற்றியைச் சுருக்கக்கூடும். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

முதலில் தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 1921ஆம் ஆண்டு நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் பகுதிக் கிளையில் பூரா பெல்ப்ரே என்ற இளம்பெண் பணியில் சேர்ந்தார். அந்நூலக அமைப்பில் பணியமர்ந்த முதல் புவேர்ட்டோ ரிக்கோ பெண்மணி அவர். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பணி அவருக்கு வாய்த்தது. அலமாரிகளைத் துழாவிப் பார்த்தார். உலக நாடுகள் பலவற்றின் நாட்டார் கதைகள் அங்கே இருந்தன. தன் பாட்டி சொன்ன கதைகளில் ஒன்றுகூட இல்லை. அச்சான நூலிலிருந்தே கதை சொல்ல வேண்டும் என்பது அங்கிருந்த நடைமுறை. அவருக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சிக்கும் பெரெஸ் என்ற எலிக்கும் நடந்த திருமணக் கதையை அவர் வாயால் சொன்னார். பின்னர் 1932இல் அது நூலாக வந்தது. கதை முதலில், நூல் பிறகு. 115ஆம் தெருக் கிளைக்கு மாறிய பின் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கதைநேரங்கள், பொம்மலாட்டம், மூவரசர் திருநாள் கொண்டாட்டம் என அந்த நூலகத்தைக் குடியேறிய மக்களின் இல்லமாகவே மாற்றிவிட்டார்.

இன்று அமெரிக்கப் பொது நூலகங்களில் இலத்தீன் அமெரிக்க வழியினருக்கான கலை இலக்கிய நிகழ்ச்சிகள் இயல்பானவை. ஸ்பானிய மொழி பேசுவோருக்கான நூலகச் சேவையை வலியுறுத்தும் ரிஃபார்மா அமைப்பு 1971இல் தோன்றியது. 1996இல் பெல்ப்ரேயின் பெயரால் ஒரு விருது நிறுவப்பட்டது. குழந்தைகள் நாளையும் நூல்கள் நாளையும் இணைத்து ஏப்ரல் 30ஆம் நாளைக் கொண்டாடும் வழக்கமும் அதே ஆண்டில் எழுத்தாளர் பாட் மோராவின் முயற்சியால் தொடங்கியது. இவற்றையெல்லாம் அமெரிக்கப் பெருமை பாடுவதற்காக நாம் சொல்லவில்லை. அந்த மக்கள் அங்கே எத்தனை இழிவுகளைத் தாங்கினர் என்பதும் வரலாறே. நாம் எடுத்துக்கொள்ள விரும்புவது ஒரேயொரு பாடத்தை. ஒரு மக்கள் கூட்டத்தின் கதை அலமாரியில் இல்லையென்றால், அந்தக் கதையே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. அலமாரி குறைபாடுடையது என்றே முடிவு கட்ட வேண்டும்.

'அலமாரி' என்ற சொல்லே போர்த்துகீசியம் நமக்குக் கொடுத்தது.

*

ஆம், நம் கரையின் இலத்தீனைத் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை. நூலகத்துக்குள் நுழைந்தாலே போதும். அலமாரி, மேசை, சன்னல், சாவி நான்கும் போர்த்துகீசிய வழி வந்த சொற்கள். மீன்பிடித் துறைமுகத்தில் நாளும் ஒலிக்கும் 'ஏலம்' என்ற சொல்லும் அவ்வழியில் வந்ததே. அன்னாசி தென் அமெரிக்கப் பழங்குடி மொழியொன்றில் பிறந்து போர்த்துகீசியர் நாவில் ஏறி நம் நாவில் இறங்கிய சொல். தூத்துக்குடியின் பெயர் சொல்லும் மக்ரூனில் முட்டையின் வெண்கருவோடும் சீனியோடும் சேர்கிற முந்திரிப்பருப்பு பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட மரத்தினுடையது. கரையூர்களில் பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மச்சாது என்று பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பவர் உண்டு. அதே பெயர்களுக்குப் பிரேசிலிலும் பெருவிலும் திரும்பிப் பார்ப்பவர் உண்டு.

இவை வெறும் சுவையான செய்திகள் என்று ஒதுக்கலாம். ஆனால் அச்சு வரலாற்றை அப்படி ஒதுக்க முடியாது. 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறியது. அந்நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. 16 பக்கங்கள். இந்திய எழுத்தொன்றில் இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586இல் 'அடியார் வரலாறு'. இம்மூன்றுக்கும் பின்னால் நின்றவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அறியப்பட்ட போர்த்துகீசியத் துறவி ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். அரை நூற்றாண்டுக் காலம் முத்துக்கரையில் வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் மறைந்தவர். அச்சுப் பணிக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இக்கரையின் பரதவர்கள் என்று இயேசு சபைக் குறிப்புகள் கூறுகின்றன. யாருக்காக அச்சிடப்பட்டன? கடலுக்குப் போய் வந்தவர்களுக்காக. தமிழ் அச்சின் முதல் வாசகர்கள் மீனவர்கள். இந்த ஒரு வரியை நம் இலக்கிய வரலாற்று வகுப்புகளில் எத்தனை பேர் அழுத்திச் சொல்கிறோம்? முதல் அச்சு நூலின் ஆண்டை ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கேட்கிற நாமும் குற்றவாளிகளே.

'தம்பிரான் வணக்க'த்தின் மூலப்படி இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 'அடியார் வரலாற்'றின் படி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இவற்றை 1960களில் இராசமாணிக்கம் அடிகளார் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். ஆக, கரையின் நூல் ஒருமுறை கரைக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பின் நாம் அதை என்ன செய்தோம் என்பதே கேள்வி.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1539இல் மெக்சிகோ நகரில் அச்சகம் தொடங்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தின் முதல் அச்சகம். அங்கும் முதலில் அச்சானவற்றுள் ஒன்று உள்ளூர் மக்களின் நவாட்டில் மொழியும் ஸ்பானியமும் கலந்த ஞானோபதேச நூல். ஒரே ஐரோப்பியத் தீபகற்பத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் இரு திசைகளில் சென்று, இரு கரைகளில், இரு பழைய மொழிகளில் ஒரே வகை நூலை அச்சிட்டன. நவாட்டில் பேசியவரும் தமிழ் பேசியவரும் ஒருவரை ஒருவர் அறியார். ஆனால் அவர்கள் ஒரே வரலாற்றின் இரு கரைகளில் நின்றார்கள்.

*

முத்துக்கும் இது பொருந்தும். வெனிசுவேலாவின் கரைக்கு அருகே குபாகுவா என்றொரு சிறு தீவு. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அங்கே முத்துப் பார்களைக் கண்டனர். நுவேவா காதிஸ் என்ற நகரை எழுப்பினர். பழங்குடி மக்களை அடிமைகளாக்கிக் கடலுக்குள் இறக்கினர். அவர்கள் பட்ட துயரத்தை பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்ற துறவி 1552இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். 1530களின் இறுதிக்குள் அந்தப் பார்கள் வற்றிப்போயின, நகரமும் அழிந்தது.

அதே 1530களில்தான் நம் பரதவர் முத்துப் பார்களின் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர். பாதுகாப்பு வேண்டிக் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரை நாடினர். கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அங்கே அழிந்த மக்களும் இங்கே மதம் மாறிப் பிழைத்த மக்களும் ஒரே முத்துச் சந்தையின் இரு முனைகளில் இருந்தவர்கள். இந்த ஒப்பீட்டை ஓர் ஆராய்ச்சிக் கருத்தரங்கில் அறுபது பேருக்கு முன் வாசித்துவிடலாம். ஆனால் இது போய்ச் சேர வேண்டிய இடம் திரேஸ்புரத்திலும் மணப்பாட்டிலும் வாழ்பவரின் செவி.

குபாகுவாவை வெனிசுவேலாவின் இலக்கியம் மறக்கவில்லை. என்ரிக்கே பெர்னார்தோ நூன்யெஸ் 1931இல் எழுதிய நாவலின் பெயரே 'குபாகுவா'. நம் ஜோ டி குரூஸ் 2009இல் எழுதிய நாவலின் பெயர் 'கொற்கை'. 2013இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. மறைந்துபோன ஒரு முத்துத் துறைமுகத்தின் பெயரைத் தலைப்பில் தாங்கிய இரு நாவல்கள். இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் கூட்டம் உலகில் எங்காவது நடக்க வேண்டுமென்றால் அது தூத்துக்குடியில்தான் நடக்க வேண்டும்.

*

நம் மாவட்டத்தின் இலக்கியப் பெருமையைப் பேச வந்தவர்கள் எட்டயபுரத்துப் பாரதியில் தொடங்கி, உமறுப்புலவரைத் தொட்டு, இடைசெவல் கி.ராவுக்கு வந்து, கோவில்பட்டிக் கரிசல் எழுத்தாளர்களைப் பட்டியலிட்டு முடிப்பது வழக்கம். கரிசல் அந்தப் பெருமைக்குத் தகுதியுடையதே. ஆனால் மாவட்டத்தின் கிழக்கு எல்லை முழுவதும் கடல். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வந்தது. அதற்குப் பின் 'ஆழி சூழ் உலகு' வர 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் நம் கரையிலிருந்து இவ்விரண்டுக்கும் இணையாகப் பேசப்பட்ட நாவல் எது என்று கேட்டால் வாசகர்கள் யோசிக்கத்தான் செய்கிறார்கள். எழுதுவோர் இல்லாததா, எழுதலாம் என்ற நம்பிக்கை தரும் இடம் இல்லாததா?

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். இலத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்குள் வந்த வாயில்களுள் ஒன்று இம்மாவட்டத்திலேயே இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த 'கல்குதிரை' சிற்றிதழ் மார்க்வெஸுக்குச் சிறப்பிதழே வெளியிட்டது. தமிழ்ச் சிற்றிதழ் உலகம் போர்ஹேஸையும் மார்க்வெஸையும் நெரூதாவையும் கொண்டாடிய காலம் அது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 2013இல் தமிழில் நூலாகவும் வந்துவிட்டது. ஆனால் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் இடையே உள்ள அறுபது கிலோமீட்டரை அந்த இலக்கியம் கடக்கவில்லை. மாய யதார்த்தவாதம் பற்றிப் பக்கம் பக்கமாக விவாதித்த நாம், அந்த எழுத்தின் வேர் பாட்டிமார் சொன்ன கதைகளில் இருந்தது என்பதை மறந்து, அதை ஓர் உத்தியாக மட்டுமே கற்றுக்கொண்டோம். நம் கரையின் பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்கப் போகவில்லை.

*

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் நெய்தல் திணை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். காற்றின் பெயர்களைச் சொல்லி வந்தோம்: வாடை, கொண்டல், தென்றல், கோடை. பின் வரிசையிலிருந்த கரையூர் மாணவர் ஒருவர் தயங்கியபடி எழுந்து, "ஐயா, எங்க தாத்தா இதைவிட நிறையப் பேர் சொல்லுவாங்க" என்றார். சோழகம், கச்சான் எனத் தொடங்கி, இரண்டு காற்றுகள் கலந்து வரும்போது அதற்கொரு பெயர், நீரோட்டமாகிய நீவாடு எந்தத் திசையில் ஓடினால் அதற்கொரு பெயர் என்று சொல்லிக்கொண்டே போனார். பாதிக்குமேல் நமக்குத் தெரியாத சொற்கள். பேரகராதியைப் புரட்டினால் சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. அவருடைய தாத்தா இளமையில் முத்துக் குளித்தவர், பின்னாளில் சங்கு குளித்தவர். விடுமுறையில் வந்து அவரைப் பார்த்து எல்லாவற்றையும் பதிவு செய்வோம் என்று சொன்னோம். தேர்வு வந்தது, விடைத்தாள் திருத்தும் பணி வந்தது. ஆடி மாதம் அந்த மாணவர் மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வந்தபோது நாம் எதுவும் கேட்கவில்லை.

இந்தக் குற்றவுணர்விலிருந்துதான் இக்கட்டுரை எழுதப்படுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில் முறையான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அன்று இருபது வயதில் கடலில் மூழ்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். மூச்சை அடக்கும் பழக்கம், பாரின் அடையாளம், கயிற்றின் மொழி ஆகியவற்றை உடலால் அறிந்த கடைசித் தலைமுறை அது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழர் அனைவரும் அழுதோம், அழுவது நியாயம். ஒரு முதியவரோடு எரிந்துபோகும் நூலகத்துக்கு அந்தக் குடும்பத்தைத் தவிர யாரும் அழுவதில்லை.

*

எதிர்வாதங்கள் எழும். அவற்றுள் மூன்றை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, மதம். அரசு நூலகம் மதச்சார்பற்றது; 'தம்பிரான் வணக்க'மும் பாஸ்கு நாடகமும் ஆலயத்துக்குரியவை; அவற்றுக்கு நூலகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். தேவாரமும் சீறாப்புராணமும் திவ்வியப் பிரபந்தமும் நூலகத்தில் இருப்பது எந்த நியாயத்தாலோ அதே நியாயத்தால்தான் இவையும் இருக்க வேண்டும் என்பது நம் விடை. நூலகம் அவற்றை வழிபாட்டு நூலாக அல்ல, தமிழ் உரைநடையின் ஆவணமாக, நாடக மரபாக, பேச்சு வழக்கின் சான்றாக வைக்கிறது. ஆலயத்துக்குள் பேச முடியாத சிலவற்றை, குறிப்பாக அந்த மதமாற்றத்தின் அரசியலையும் போர்த்துகீசியரின் கொள்ளையையும், நூலகத்தில் மட்டுமே அஞ்சாமல் பேசவும் முடியும்.

இரண்டு, சாதி. கடற்கரைக் கலைவிழா என்று தொடங்கினால் அது ஒரு சமூகத்தின் பெருமை மேடையாக மாறிவிடும் என்ற அச்சம் பொய்யானதன்று. நாமும் அதைக் கண்டிருக்கிறோம். ஆனால் இக்கரை ஒருவருடைய கரை மட்டும் அன்று. காயல்பட்டினத்து இசுலாமியர் வளர்த்த அரபுத்தமிழ் இக்கரையின் செல்வம். உப்பளத்தில் வெயிலில் நிற்கும் பெண்களின் பாட்டும், வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய நகரின் துறைமுகத் தொழிலாளர் நினைவுகளும், மன்னார்க் கரையோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களின் உறவுக் கதைகளும் இதில் அடங்கும். சமூக அமைப்புகள் நடத்தும் விழாவில் பிறருக்கு இடம் கிடைப்பது அருமை. நூலகம் நடத்தினால் எல்லோரும் வரலாம். அச்சத்துக்கு மருந்து நிகழ்ச்சியைத் தவிர்ப்பதன்று, அதைப் பொது இடத்தில் நடத்துவதுதான்.

மூன்று, தேவையற்ற அயல்மோகம். "நம் கரையைப் பேசினால் போதாதா, இலத்தீன் அமெரிக்கா எதற்கு?" இக்கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. அயலிலிருந்து முத்திரை குத்தி வந்தால்தான் நம் பொருளை மதிப்போம் என்ற நோய் நமக்கு உண்டு. ஆனால் நாம் கேட்பது முத்திரையை அல்ல. தன் ஊரை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தன் துயரம் தனித் தலைவிதியாகத் தோன்றும். வேறொரு கரையில் அதே துயரத்தைக் கண்டால் அது வரலாறாகத் தெரியத் தொடங்கும். குபாகுவாவின் கதையைக் கேட்ட சங்கு குளிப்பவர் தன் பாட்டனின் கதையை வேறு விதமாகச் சொல்லக்கூடும். அதற்காகத்தான்.

*

இனிச் செய்யக்கூடியவற்றைச் சொல்வோம். பெரும் செலவு கேட்கும் திட்டம் எதுவும் இதில் இல்லை. 1948இன் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியோடு நூலக வரியையும் மக்கள் செலுத்திக்கொண்டுதான் வருகிறார்கள். ரூபாய்க்குப் பத்துக் காசு. கடற்கரைத் தெருக்களில் வீடுள்ளவர்களும் செலுத்துகிறார்கள்.

முதலாவது, ஒரு நாள். 'தம்பிரான் வணக்கம்' அச்சான நாள் அக்டோபர் 20. தூத்துக்குடி மாவட்டம் உருவானதும் 1986 அக்டோபர் 20ஆம் நாள். இப்படி ஒரு பொருத்தம் தானாக வந்து வாய்த்திருக்கும்போது மாவட்ட மைய நூலகம் ஆண்டுதோறும் அந்நாளை முத்துக்கரை அச்சு நாளாகக் கொண்டாடலாம். மறுபதிப்புகளைக் காட்சிக்கு வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கோத்து அச்சிடும் பழைய முறையைக் கையால் செய்து காட்டலாம்.

இரண்டாவது, ஒரு பருவம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும்; ஆண்கள் வலை பின்னியும் இயந்திரம் பழுது பார்த்தும் ஊரில் இருப்பார்கள்; பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் விடுமுறை. கரையூர்க் கிளை நூலகங்களின் இலக்கிய நிகழ்ச்சிகளை இந்த 61 நாட்களுக்குள் வைத்துக்கொண்டால் கேட்பதற்கு ஆள் இருப்பார்கள். அலுவலக நாட்காட்டிப்படி நிகழ்ச்சி வைத்துவிட்டு மீனவர்கள் நூலகத்துக்கு வருவதில்லை என்று குறை சொல்வது முறையன்று.

மூன்றாவது, ஒரு பதிவு. முத்துக் குளித்தவர், சங்கு குளிப்பவர், அம்பாப் பாட்டுத் தெரிந்தவர், பாஸ்கு நாடகத்தில் வேடம் கட்டியவர் ஆகியோரின் குரலைப் பதிவு செய்து நூலகத்தில் வைக்க வேண்டும். இதற்கு இன்று ஒரு கைபேசி போதும். நம் போன்ற கல்லூரித் தமிழ்த் துறைகள் மாணவரை அனுப்பலாம். பாடத்திட்டத்தின் களப்பணியாகவே அதை வைக்கலாம். யாருடைய குரலோ அவருக்கே முதற்படி என்பது விதியாக இருக்க வேண்டும். கதையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பட்டம் பெற்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காத ஆய்வாளர் கூட்டத்தைக் கரை போதுமான அளவு கண்டுவிட்டது.

நான்காவது, ஒரு வாசக வட்டம். நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கனவே உண்டு. மாதம் ஒரு நூல் என்று வைத்து, கரையின் நூலொன்று, கடலுக்கு அப்பாலிருந்து தமிழில் வந்த நூலொன்று என மாற்றி மாற்றி வாசிக்கலாம். 'கடல்புரத்தில்' படித்த அடுத்த மாதம் மார்க்வெஸ். வாசிக்கத் தயங்குவோருக்கு ஒருவர் உரக்கப் படிக்கலாம். கத்தோலிக்கக் கரையூர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். அன்று மாலை இதற்கு உகந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளை நூலகத் துறையினர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது அவற்றுள் இரண்டாவது. கரையோர வாசகருக்குரிய நூல்களில் பெரும்பாலானவை இன்னும் எழுதப்படவே இல்லை. அப்படியானால் அவை எழுதப்படுவதற்கான இடமாக இருப்பதும் நூலகத்தின் கடமையாகிறது. நூலகம் வளரும் உயிர் என்ற ஐந்தாம் விதியை நாம் அவ்வாறே பொருள்கொள்கிறோம்.

குளிப்பவர் கடலுக்குள் இருக்கும்போது மேலே படகில் கயிறு பிடித்திருப்பவர் அவருடைய மச்சானாகத்தான் இருப்பார் என்று கரையில் சொல்வதுண்டு. தன் தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவன் அசந்துபோக மாட்டான் என்பதே காரணம். ஆழத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழ் படித்த நமக்கும் நூலகத்துக்கும் அந்த உறவு உண்டா, இல்லையா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அந்த மாணவரின் தாத்தா சொல்லிவந்த காற்றுகளின் பெயர்களில் ஒன்பது மட்டும் நம் குறிப்பேட்டில் இருக்கின்றன. மற்றவை எத்தனை என்று கேட்டறிய இனி வழியில்லை.